சாக்கடைக் கிருமியும் மின்சாரமும்

(ஆரணியில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் இங்கு பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாக்கடை. பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் பேர்போன ஆரணிக்கு வந்து சாக்கடையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசிவரை இருந்து கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம். பட்டும் அரிசியும் இதில் வரத்தான் போகின்றன.

சங்கதி இதுதான். சாக்கடைச் சேற்றில் கிடக்கிற, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளில் சில மின்சாரம் உண்டாக்குகின்றன. அதைக் கம்பி வைத்து வெளியே எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். இது எந்த மகானும் திருநீறு கொட்டி வரவழைத்ததல்ல. ஆத்திகன் செய்தாலும் வரும், நாஸ்திகன் செய்தாலும் வரும். குளித்துவிட்டுச் செய்தாலும் வரும், குளிக்காமல் செய்தாலும் வரும். செய்முறை தப்பினால் மாத்திரம் யார் செய்தாலும் வராது.

எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். நாம் சோறு தின்கிறோம், மூச்சு இழுக்கிறோம். சோறு எதற்கு என்றால் பலத்துக்கு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மூச்சு எதற்கு என்று கேட்டுவிட்டால், உடனே பிராணன் என்றும், ஆத்மா என்றும், உள்ளே இருக்கிறவன் என்றும் பெரிய பெரிய வார்த்தைகள் புறப்பட்டுவிடும். உண்மையில் அது ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கே ஒழிய வேறில்லை. தின்ற சோற்றை உடம்பு உடைக்கும்போது அதிலிருந்து எலக்ட்ரான் என்னும் மின்துகள்கள் கழன்று வருகின்றன. குளுக்கோஸ் என்னும் சர்க்கரையில் ஒரு மூலக்கூறு முழுவதும் உடைந்தால் 24 எலக்ட்ரான்கள் கழலும். கழன்றதைக் கடைசியில் யாராவது வாங்கிக்கொண்டாக வேண்டும். நம் உடம்பில் வாங்கிக்கொள்ளுகிறவன் மூச்சோடு வரும் பிராணவாயு. வாங்குகிறவன் வராவிட்டால் வியாபாரம் நின்றுபோகும். அதைத்தான் சாவு என்கிறோம். இதில் எமன் எங்கே வந்தான்? அவன் எருமை எங்கே வந்தது?

நிற்க, சேற்றுக்கு அடியில் காற்றுப் போவதில்லை. அங்கே வாழும் கிருமி என்ன செய்யும்? அதற்கும் பசி உண்டு, அதுவும் தின்கிறது, அதனிடமும் எலக்ட்ரான் சேருகிறது. பிராணவாயு இல்லாதபடியால் வேறு ஆளைப் பிடிக்கிறது. சிலவகைக் கிருமி இரும்புத் துருவிடம் கொடுக்கும். சிலவகை தண்ணீரில் கரைந்துள்ள கந்தக உப்பிடம் கொடுக்கும். அப்போதுதான் அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. இந்த வாயுவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதனிடம் திரும்பி வருவோம்.

அமெரிக்காவின் தலைநகரை ஒட்டி ஓடும் பொடோமக் ஆற்றின் சேற்றிலிருந்து 1987-ல் டெரிக் லவ்லி என்பவர் எடுத்த ஒரு கிருமி, துருவிடம் எலக்ட்ரான் கொடுத்தே ஜீவிக்கிறது. ஜியோபாக்டர் என்று அந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். துரு கிடைக்காத இடத்தில் ஒரு கரிக்குச்சியை நீட்டினால் இந்த இனம் அதனிடமும் கொடுக்கிறது. அந்தக் கரியில் கம்பி கட்டி, மறுமுனையைக் காற்றுப்படும் தண்ணீரில் நிற்கும் இன்னொரு கரிக்குச்சியில் கட்டிவிட்டால், எலக்ட்ரான்கள் கம்பி வழியாக ஓடிப்போய் அங்கே பிராணவாயுவிடம் சேருகின்றன. கம்பியில் எலக்ட்ரான் ஓடுவதற்குப் பெயர்தான் மின்சாரம். அதாவது, கிருமி விடுகிற மூச்சை நடுவழியில் மறித்துக் கம்பிக்குள் திருப்பிவிடுகிறோம்.

இதை மனிதன் கண்டுபிடித்த வரலாறு வேடிக்கையானது. இத்தாலியில் வோல்டா என்று ஒருவர் இருந்தார். அவர் 1776-ல் மேஜியோரே என்ற ஏரியின் கரையில் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்தார். அது பற்றி எரிந்தது. நம் கிராமங்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்களே, அந்தப் பேச்சுக்கு இந்தச் சேற்று வாயுவைத்தான் காரணமாகச் சொல்லுவது வழக்கம். அதே வோல்டாதான் 1800-ல் உலகத்தின் முதல் மின்கல அடுக்கையும் செய்தார். சேற்றைக் கிளறிய கையே மின்கலத்தையும் செய்தது. ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு வெளிவர இன்னும் 111 வருஷங்கள் ஆயின.

1911-ல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் தாவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்த எம். சி. பாட்டர் என்பவர், கள்ளைப் பொங்கச் செய்யும் ஈஸ்டையும், மனிதன் குடலில் வாழும் பாக்டீரியாவையும் சர்க்கரை நீரில் விட்டு, பிளாட்டினத் தகடு வைத்து அளந்து, சுமார் அரை வோல்ட் வரை மின்னழுத்தம் வருவதைக் காட்டினார். பாட்டர் என்றால் அவர்கள் பாஷையில் குயவர் என்று அர்த்தம். அவர் முன்னோரில் யாரோ பானை வனைந்திருக்க வேண்டும். அங்கே தொழில் வெறும் பெயராக நின்றுவிட்டது. வம்சத்தில் வந்தவர் பேராசிரியரானார். இங்கேயோ 1953-ல்கூட, பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகளை அப்பன் தொழிலைக் கற்கும்படி சொன்ன ஒரு கல்வித் திட்டம் வந்ததும், நாடே எதிர்த்து நின்று 1954-ல் அதை ஒழித்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் திட்டப்படி இங்கிலாந்து நடந்திருந்தால் பாட்டர் சட்டிதான் செய்துகொண்டிருப்பார்.

1931-ல் அமெரிக்காவில் பார்னெட் கோஹன் என்பவர் இப்படிப்பட்ட கலங்களை வரிசையாகச் சேர்த்து 35 வோல்ட்டுக்கு மேல் எடுத்தார். ஆனால் ஓடிய மின்சாரம் 2 மில்லி ஆம்பியர்தான். இடையில் பலர் முயன்று விட்டார்கள். எலக்ட்ரானைக் கிருமியிடமிருந்து வாங்கிக் கரியில் சேர்க்க ஒரு ரசாயனத் தரகன் வேண்டும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1999-ல் கொரியாவில் பியுங் ஹாங் கிம் என்பவரும் அவர் கூட்டத்தாரும் தரகன் இல்லாமலே நடக்கும் என்று காட்டினார்கள். இதைக் கேட்டால் நமக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவேதான் தரகன் என்றால், கிருமிக்கும் கரிக்கும் நடுவேயும் தரகன் எதற்கு? 2013-ல் இங்கிலாந்து பிரிஸ்டல் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் மனிதன் மூத்திரத்தை இந்தக் கலங்களில் விட்டு ஒரு கைபேசிக்கு மின்சாரம் ஏற்றினார்கள். 2015-ல் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மூத்திரத்தைக்கொண்டே விளக்கெரியும் ஒரு மூத்திரக் கொட்டகையை வைத்துப் பார்த்தார்கள்.

நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், சர்க்கரை ஆலைக் கழிவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கிருமியை வைத்துக் கலம் செய்து, 2006-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் ஆரணிக்காரர்கள் முக்கியமாகக் கேட்கவேண்டியது கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்த காரியத்தை. அங்கே பேராசிரியர் கங்ரேகரும் அவரைச் சேர்ந்தவர்களும் அரிசி மில்லுக் கழிவுத் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். நெல்லை ஊறவைத்துப் புழுக்கிவிட்டு வெளியே விடுகிற புளித்த தண்ணீர் எப்படி நாறும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கலத்தில் ஒரு சிக்கல் உண்டு. கிருமி இருக்கிற அறைக்கும் காற்று இருக்கிற அறைக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் காற்றை உள்ளே விடக்கூடாது. ஆனால் எலக்ட்ரானுக்கு ஜோடியான ஹைட்ரஜன் அயனி அதன் வழியே கசிந்து போகவும் வேண்டும். இதற்கென்று விலையுயர்ந்த செயற்கைச் சவ்வு விற்கிறது. கரக்பூர்க்காரர்கள் ஒரு கலத்தை அந்தச் சவ்வு வைத்தும், மற்றொன்றை வெறும் மண்பானையைக்கொண்டும் செய்தார்கள். தண்ணீரின் புளிப்பை மாற்றிச் சற்றுக் காரமாக்கி இரண்டிலும் விட்டார்கள். 2010-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, சவ்வு வைத்த கலம் தண்ணீரிலிருந்த அழுக்கில் 92.6 சதவீதம் நீக்கிற்று. மண்பானை 96.5 சதவீதம் நீக்கிற்று. மின்சாரத்தில் சவ்வுக் கலம் ஒரு கனமீட்டருக்கு 0.53 வாட், மண்பானை 2.3 வாட். நாலு மடங்குக்கு மேல்! சுட்ட மண்ணில் உள்ள நுண்ணிய துவாரங்களே, வெயிலில் பானைத் தண்ணீரைக் குளிரவைக்கிற அதே துவாரங்களே, இந்த வேலையையும் செய்துவிடுகின்றன.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, நம் முன்னோர் இதையெல்லாம் தெரிந்துதான் மண்பானை செய்தார்கள்" என்று ஒருவர் எழுந்திருப்பார். முன்னோர் பானையைச் சோறாக்கச் செய்தார்கள், தண்ணீர் வைக்கச் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். செய்தவனைத் தாழ்ந்தவன் என்றும், சோற்றைத் தின்றுவிட்டு வேதம் சொன்னவனை உயர்ந்தவன் என்றும் எழுதி வைத்தார்கள். எலக்ட்ரானைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

இனி பட்டுக்கு வருவோம். பச்சைப் பட்டைச் சாயத்தில் போடுமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை எடுக்கிறோம் அல்லவா? ஒரு கிலோ பச்சைப் பட்டு வெந்து வந்தால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின்தான் நிற்கும் என்பது தறிக்காரர்களுக்கெல்லாம் தெரியும். மீதி எங்கே போயிற்று? செரிசின் என்னும் அந்தப் பசை ஒரு புரதம். பட்டுப்புழு கூடு ஒட்டுவதற்காகத் தன் உடம்பிலிருந்து செய்த சாமான் அது. அவ்வளவும் கரைந்து சாக்கடையில் போகிறது. புரதம் என்றால் கிருமிக்கு விருந்து. விருந்தைத் தெருவில் கொட்டிவிட்டு, தெரு நாறுகிறது என்று ஊதுவத்தி கொளுத்துகிறோம். ஆகவே, கரக்பூரில் அரிசித் தண்ணீருக்குச் செய்த பரீட்சையை இந்தப் பசைத் தண்ணீருக்கும் ஆரணியில் செய்து பார்க்கவேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். சோப்பும் காரமும் அதிகமாயிருந்தால் கிருமி சாகும். எவ்வளவு தண்ணீர் விட்டுக் கலந்தால் தாங்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். சாயத் தண்ணீரை மாத்திரம் இதோடு சேர்த்துக் குழப்பிவிடக்கூடாது. சிலவகைச் சாயங்களின் நிறத்தைக் கிருமிகள் அழித்துவிடும் என்பது மெய்தான். ஆனால் நிறம் போனபின் மிஞ்சுகிறவற்றில் சில, சாயத்தைவிடக் கொடிய விஷமாக இருப்பதுண்டு. வெளுத்ததெல்லாம் சுத்தமல்ல.

இந்த ஊர் ஆறு ஒரு முனிவருடைய கமண்டலத்திலிருந்து வந்தது என்று கதை சொல்லி, கமண்டல நாகநதி என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். எதிலிருந்து வந்தது என்பதைப் பற்றிய கதையில் இருக்கும் அக்கறையில் கால்வாசியாவது, அதில் எது வந்து விழுகிறது என்பதில் இருக்க வேண்டாமா?

இப்பொழுது கணக்குப் பார்ப்போம். கணக்குப் பார்க்காமல் சந்தோஷப்படுவது பக்தர்கள் வழக்கம். ஒரு கனமீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். ஆயிரம் லிட்டர்க் கலத்துக்கு 2.3 வாட் என்றால், 9 வாட் விளக்கு ஒன்று எரிய ஏறக்குறைய நாலாயிரம் லிட்டர் வேண்டும். அரைக் குதிரைச் சக்தி மோட்டார் வைத்த ஒரு விசைத்தறி ஓட 1,62,000 லிட்டர் வேண்டும். இதைவிட நல்ல கலங்கள் செய்திருக்கிறார்கள் என்றாலும், தறி ஓட்டுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே, "சாக்கடையில் மின்சாரம் எடுத்து ஆரணித் தறிகளையெல்லாம் ஓட்டப் போகிறோம், பங்குப் பணம் கட்டுங்கள்" என்று எவனாவது வந்தால், சாமியாரை விசாரிப்பதைப்போல அவனையும் விசாரியுங்கள். விஞ்ஞானத்தின் பேரைச் சொன்னான் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் இதனால் லாபம் என்ன? அந்த 96.5 சதவீதத்தில்தான் லாபம் இருக்கிறது. இப்பொழுது பட்டணங்களில் சாக்கடை சுத்திகரிக்கும் நிலையங்களில், கிருமிகளுக்குக் காற்று ஊதுவதற்கே செலவாகும் மின்சாரத்தில் பாதியளவு போய்விடுகிறது. இந்தக் கலத்துக்குக் காற்று ஊதவேண்டியதில்லை. சுத்தம் செய்கிற வேலைக்கு நாம் கூலி கொடுப்பது போய், கொஞ்சம் மின்சாரத்தைக் கிருமி நமக்குக் கொடுத்துவிட்டு வேலையும் செய்கிறது.

மற்றொரு உபயோகமும் உண்டு, நமக்கு இதுவே பெரிதாகப்படுகிறது. தண்ணீரில் அழுக்கு அதிகமானால் கிருமிக்குத் தீனி அதிகம், மின்சாரமும் ஓரளவு வரை அதிகமாகும். ஆகவே, மின்சாரத்தை அளந்தால் அழுக்கை அளந்ததாகும். சாதாரணமாகத் தண்ணீரின் அழுக்கைப் பரிசோதிக்கும் முறைக்கு 5 நாள் பிடிக்கும். அதற்குள் அழுக்கை விட்டவன் ஊர்போய்ச் சேர்ந்திருப்பான். கொரியாக்காரர்கள் இந்தக் கலத்தையே அளவுகோலாகச் செய்து, ஒரே கலத்தை 5 வருஷத்துக்கு மேல் ஓட்டிக் காட்டி 2003-ல் வெளியிட்டார்கள். இப்படி ஒன்றை ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுகிற இடத்தில் வைத்தால், இரவில் யார் எப்போது எதைத் திறந்துவிட்டார்கள் என்பதற்குச் சாக்கடையே சாட்சி சொல்லும். லஞ்சம் வாங்காத சாட்சி.

இனி ஒரு புரட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மாட்டுச் சாணத்தில் இந்தக் கிருமிகள் உண்டு. அதை வைத்துக்கொண்டு, கோமாதாவின் சாணத்தில் மின்சாரம் இருக்கிறது, ஆகவே பஞ்சகவ்வியம் விஞ்ஞானம், ஆகவே சாஸ்திரம் மெய் என்று ஒரு கூட்டம் புறப்படும். கடல் தாண்டிப் போய் வந்தவனுக்குப் பஞ்சகவ்வியம் கொடுத்துத் தீட்டுக் கழித்தவர்கள் அதே கூட்டம்தான். தோழர்களே, எருமைச் சாணத்திலும் கிருமி உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2005-ல் பன்றித் தொழுவத்துக் கழிவிலிருந்து மின்சாரம் எடுத்து எழுதியிருக்கிறார்கள். பிரிஸ்டலில் எடுத்தது மனிதன் மூத்திரத்திலிருந்து. அது எந்த ஜாதிக்காரன் மூத்திரம் என்று மீட்டர் கேட்கவில்லை. மின்சாரம் வருவதால் பசு புனிதமென்றால், பன்றியும் புனிதம்தான். எல்லோர் வீட்டுக் கக்கூசும் கர்ப்பக்கிருகம்தான். ஒப்புக்கொள்ளுவார்களா?

இதில் வித்தை காட்டவும் இடமுண்டு, எச்சரிக்கையாயிருங்கள். ஒருவன் சாணத்தில் துத்தநாகத் தகடும் செம்புத் தகடும் குத்தி விளக்கு எரியவைத்தால், அந்த மின்சாரம் கிருமி கொடுத்ததல்ல; துத்தநாகம் கரைந்து கொடுத்தது. 1800-ல் வோல்டா செய்த வித்தை அது. எலுமிச்சம்பழத்தில் குத்தினாலும் வரும், உப்புத் தண்ணீரில் வைத்தாலும் வரும். ஆகவே, இரண்டு பக்கமும் ஒரே சாமான் வைக்கச் சொல்லுங்கள். பழைய டார்ச் செல்லுக்குள் இருக்கும் கரிக்குச்சி போதும். மெழுகு பூசாத சிறு மண்பானையில் சாக்கடைச் சேற்றை நிரப்பி, ஒரு குச்சியை அதில் புதைத்து, வாயை இறுக மூடி, பானையைத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை நிறுத்தி, மற்றக் குச்சியை அந்தத் தண்ணீரில் காற்றுப்பட விடுங்கள். செம்புக் கம்பி ஈரத்தில் படக்கூடாது. முதல் நாளே ஒன்றும் வராது. கிருமிகள் கரியில் குடியேறச் சில நாள் பிடிக்கும். அதோடு இன்னொரு பானையில், நன்றாகக் கொதிக்கவைத்த சேற்றைப் போட்டு அதே மாதிரி வையுங்கள். கிருமி செய்கிற வேலையா, வேறு எதுவுமா என்பதை இந்த இரண்டாவது பானைதான் சொல்லும். கொதித்த சேற்றிலும் சில நாளில் மறுபடி கிருமி பிடித்துவிடும். அதனால் புதிதாகக் கொதிக்கவைத்ததோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது பானை இல்லாமல் காட்டுகிற எந்தப் பரீட்சையையும் நம்பவேண்டியதில்லை, காட்டுகிறவர் நாமாயிருந்தாலும் சரி.

ஞாபகத்தில் வைக்கச் சொன்ன அந்த விஷவாயுவுக்கு இப்பொழுது வருவோம். கம்பி கட்டாத குழியில், அதாவது நம் வீட்டு மலக்குழியிலும் தெருப் பாதாளச் சாக்கடையிலும், கிருமிகள் எலக்ட்ரானைக் கந்தக உப்பிடம் கொடுத்து ஹைட்ரஜன் சல்பைடு செய்துகொண்டேயிருக்கின்றன. அது கொஞ்சமாயிருக்கும்போது மூக்குக்குத் தெரியும். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும்; நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து மனிதன் இன்னும் ஒரு படி இறங்குவான். அவனைத் தூக்க இறங்கினவனும் அங்கேயே விழுவான். இறங்குகிறவன் யார் என்று நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா? கோவில் கர்ப்பக்கிருகத்துக்குள் இன்னார்தான் நுழையலாம் என்று நூற்றுக்கணக்கான வருஷமாய்ச் சண்டை நடக்கிறது. மலக்குழிக்குள் இன்னார்தான் நுழையவேண்டும் என்பதில் மாத்திரம் இதுவரை எவரும் போட்டிக்கு வரவில்லை.

மனிதனைக்கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-ல் மற்றொன்று வந்தது. குழியில் இறங்கிச் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. செத்தபின் கொடுப்பது உயர்ந்துகொண்டு போகிறது. சாகாமலிருக்கச் செய்வதோ அந்த வேகத்தில் போகவில்லை. குழிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் யந்திரத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யில் செய்து 2022-ல் தமிழ்நாட்டில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். யந்திரம் உண்டு, சட்டம் உண்டு, பணம் உண்டு. இல்லாதது, இறங்குகிறவனும் நம்மைப் போன்ற மனிதன் என்ற எண்ணம்.

கிருமிக் கலத்தை வைத்துவிட்டால் குழியெல்லாம் நாளைக்கே விஷமற்றதாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் ஒரு மந்திரவாதிதான். எலக்ட்ரானைக் கந்தகத்துக்குக் கொடுத்தால் மனிதனைக் கொல்லுகிற வாயுவும், கரிக்குக் கொடுத்தால் மின்சாரமும் வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகும், குழியை விதி என்றும், இறங்குகிறவன் பூர்வஜன்ம கர்மம் என்றும் பேச எவனுக்கும் யோக்கியதை இல்லை என்றுதான் சொல்லுகிறோம். அதுவரை, உங்கள் வீட்டுக் குழி நிறைந்தால் மனிதனைக் கூப்பிடாதீர்கள், உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்துவிட்டு "கொஞ்சம் இறங்கிப் பாரப்பா" என்று சொல்லுகிற வீட்டுக்காரர் யாராயிருந்தாலும், அவர் நம் கூட்டத்துக்கு வருகிறவராயிருந்தாலும், தெருவில் நிறுத்திக் கேளுங்கள்.

இந்த மேஜைமேல் இரண்டு பானைகள் இருக்கின்றன. ஒன்றில் இந்த ஊர்ச் சாக்கடைச் சேறு இருக்கிறது. பல நாட்களுக்கு முன் மூடியது. மற்றதில் இன்று காலை கொதிக்கவைத்த சேறு. எது எந்தப் பானை என்று நாம் சொல்லப்போவதில்லை. மீட்டரில் என்ன காட்டும் என்பதையும் சொல்லப்போவதில்லை. கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவராக மேலே வந்து, கம்பியை உங்கள் கையாலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தாய்மார்கள் முதலில் வரட்டும்.